மறைமலையடிகளும் முல்லைப்பாட்டும்

பழைய பாட்டொன்றைப் படித்து, அதில் வரும் தலைவியின் பண்பு யாது, அரசனின் மனநிலை யாது, பாட்டின் மையக்கருத்து யாது என ஆராய்ந்து கட்டுரை வரைதல் மாணவர்க்கு இன்று பழகிய பயிற்சியாகும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை வேறு. அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுதல், இலக்கணக் குறிப்பு வரைதல், பழைய உரையை நெட்டுருச் செய்து ஒப்புவித்தல் ஆகியவையே அக்காலத் தமிழ்ப் பாடத்தின் பெரும்பகுதியாய் இருந்தன. அந்நாளில் முப்பது வயதும் நிரம்பாத கல்லூரி ஆசிரியர் ஒருவர், நூற்று மூன்று அடிகளே கொண்ட சிறு பாட்டொன்றை எடுத்துக்கொண்டு, அதன் அழகு எங்கே உள்ளது என்று வினவி ஒரு நூல் எழுதினார். அவர் வேதாசலம் பிள்ளை. மறைமலையடிகள் என்று பிற்காலத்தில் நாடறிந்தவர் அவரே.

அடிகளார் 1876-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் சொக்கநாதர்க்கும் சின்னம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் பள்ளிப் படிப்பு இடையில் நின்றது. ஆயினும் கற்கும் வேட்கை நிற்கவில்லை. நாகையில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடுத்துத் தமிழ் நூல்களை முறையாகக் கற்றார். ஆங்கில அறிவையும் தம் முயற்சியாலேயே வளர்த்துக்கொண்டார். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரனார் இவ்விளைஞரின் புலமையை வியந்து நற்சான்று வழங்கினார். பட்டம் ஏதும் இல்லாதவர்க்கு அச்சான்று பெருந்துணையாயிற்று.

1898-ஆம் ஆண்டு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அங்கே தலைமைத் தமிழாசிரியராக விளங்கியவர் பரிதிமாற் கலைஞர் எனப்படும் சூரியநாராயண சாஸ்திரியார். அக்கல்லூரி மாணவர்கள் ஒரு வகுப்பில் ஆங்கில நாடகங்களின் மாந்தரைப் பற்றியும் கருத்துகளைப் பற்றியும் விரிவான திறனாய்வுகளைக் கேட்பர்; அடுத்த வகுப்பில் தமிழ்ப் பாட்டுக்குச் சொற்பொருள் மட்டுமே கேட்பர். தமிழில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை போலும் என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றுவது இயல்புதானே? இக்குறையை நீக்கவே அடிகளார் 1903-இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையையும், 1906-இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையையும் வெளியிட்டார்.

முல்லைப்பாட்டு, காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அரசன் போர்மேற் சென்றுள்ளான், கார்காலம் வந்துவிட்டது, அரசி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி வழிபட்டு நற்சொல் கேட்டு நிற்கின்றனர். அப்போது குளிரால் தோள்களைக் கைகளாற் கட்டிக்கொண்டு நிற்கும் ஆயர் மகள் ஒருத்தி, கட்டப்பட்டுத் தவிக்கும் கன்றுகளை நோக்கி, உங்கள் தாயர் விரைவில் வந்துவிடுவர் என ஆறுதல் கூறுகிறாள். அதனையே நன்னிமித்தமாகக் கொண்டு அரசியைத் தேற்றுகின்றனர். ஆயினும் அவள் கண்ணீர் நிற்கவில்லை.

அங்கிருந்து புலவர் நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். அரசனும் உறங்கவில்லை. ஆனால் அவன் நெஞ்சில் நிற்பவர் வேறு: வாளால் வெட்டுண்ட யானைகள், தனக்காகப் போரிட்டு மாண்ட வீரர்கள், அம்பு தைத்த வலியால் புல்லுண்ணாது செவி சாய்த்து நிற்கும் குதிரைகள். ஒரு கையைப் படுக்கைமீதும் மற்றொரு கையைத் தலைமேலும் வைத்துக்கொண்டு அவன் நெடிது நினைக்கிறான். பின்னர் வெற்றி கிட்டுகிறது. மீண்டும் அரசியின் மாளிகை. கழலும் வளையைச் செறித்துக்கொண்டு, இறப்பிலிருந்து விழும் மழைநீரின் ஒலியைக் கேட்டுக் கிடக்கிறாள் அவள். அவ்வேளையில் மீண்டு வரும் படையின் கொம்பொலி அவள் செவியில் விழுகின்றது.

இப்பாட்டில் அரசன் பெயரும் இல்லை, அரசி பெயரும் இல்லை. எனினும் இருவர் இயல்பும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஒருவரையொருவர் காணாத இருவரை ஒரே மழைக்காலம் இணைக்கின்றது. மாளிகையும் பாசறையும் மாறி மாறி வரும் இவ்வமைப்பிலேயே பாட்டின் உயிர் உள்ளது.

இங்கேதான் அடிகளார்க்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பத்துப்பாட்டுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர், மாட்டு என்னும் இலக்கணத்தைக் காட்டி, ஓரிடத்து அடிகளைத் தொலைவிலுள்ள அடிகளோடு கூட்டிப் பொருள் கூறியிருந்தார். தமிழுலகம் தலைமேற் கொண்டு போற்றிய உரை அது. அதனை மறுப்பது இளம் ஆசிரியர் ஒருவர்க்கு எளிதன்று. செருக்கு என்று பிறர் பழிக்கவும் கூடும். ஆயினும் புலவர் பாடிய முறையிலேயே அடிகளை வைத்துப் படித்தால் பொருள் ஆற்றொழுக்காய்ச் செல்கிறது என்றும், இடம் மாற்றினால் நிகழ்ச்சிகளின் இயற்கையான தொடர்ச்சி சிதைகிறது என்றும் அடிகளார் காரணம் காட்டி எழுதினார். பொருள் மயங்கும் பல இடங்களில் நச்சினார்க்கினியர் துணையின்றி நாம் இப்பாட்டைக் கற்பது அரிது. அப்பெரியாரின் புலமைக்கு உரிய மதிப்பை அடிகளாரும் அளித்தார். கருத்து வேறுபட்ட இடத்தில் மட்டும் அஞ்சாது வேறுபட்டார். உரையைப் படித்துவிட்டுப் பாட்டைப் பாராத மாணவர்க்கு இது புதிய செய்தியாய் இருந்தது.

நாடகத்திலும் அடிகளார் உள்ளம் ஈடுபட்டது. காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழில் பெயர்த்த அவர், பின்னர் 1934-இல் அந்நாடகத்தின் மாந்தர் இயல்புகளை ஆராய்ந்து தனி நூலும் எழுதினார். சகுந்தலையின் தோழியர் இருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இருவரும் ஒரே வகையினராய்த் தோன்றுவர். ஒருத்தி எதையும் எண்ணிப் பேசுபவள், மற்றவள் நகையாடும் இயல்பினள் என்பது அவர்தம் சொற்களைக் கூர்ந்து நோக்குவார்க்கே புலனாகும்.

கல்லூரிப் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. பட்டப்படிப்பில் தாய்மொழிப் பாடம் கட்டாயம் அன்று எனப் பல்கலைக்கழகம் விதி வகுத்ததனால் தமிழாசிரியர்க்கு வேலை சுருங்கியது. 1911-இல் அடிகளார் பணியை விட்டுப் பல்லவபுரத்திற் குடியேறினார். தமிழ்ப் பாட்டை எவ்வாறு ஆராய்வது என்று வழி காட்டியவர்க்கு வகுப்பறையே இல்லாமற் போயிற்று. அதன்பின் எழுத்தும் சொற்பொழிவுமே அவர்தம் தொழிலாயின. சேர்த்து வைத்த நூல்கள் ஏறத்தாழ நாலாயிரம். 1950-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அவர் மறைந்தபின், அந்நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் தொடங்கப்பெற்றது.

1916-இல் தனித்தமிழ் நோன்பை மேற்கொண்ட அடிகளார், தம் பழைய நூல்களின் மறுபதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தூய தமிழ்ச் சொற்களைப் பெய்தார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியும் அவ்வாறே திருத்தம் பெற்றது. ஆனால் நப்பூதனார் பாடிய முறையிலேயே பாட்டைப் படிக்கவேண்டும் என்னும் கருத்தை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.