உரையாசிரியர் ராஷி

நூல் இயற்றுதல் அரிய செயலே. எனினும், பிறர் இயற்றிய நூலுக்கு உரை காணுதல் அதனினும் அரிது என்று கூறலாம். நூலாசிரியன் தான் கருதியதைச் சொல்லி அமைவான். உரையாசிரியனோ பிறர் கருத்தைத் தான் உணர்ந்து, உணர்ந்தவாறே மூன்றாமவனுக்கும் உணர்த்தும் கடமை பூண்டவன். தன் புலமையை வெளியிடவேண்டும் என்னும் ஆசை அவனுள்ளத்திற் சிறிது தலையெடுப்பினும் மூலம் மறைந்து உரையே எஞ்சிநிற்கும். அவ்வாசையை வென்று, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யூத மக்களின் இல்லங்களிலும் கல்விக்கூடங்களிலும் நீங்காது நின்று பயன்படும் உரையாசிரியர் ஒருவரின் வரலாற்றையே நாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம். அவர்தாம் ராஷி என்பவர். ரபி ஷெலோமோ இட்சகி, அதாவது ஈசாக்கின் மைந்தராகிய ரபி சாலொமோன், என்னும் முழுப்பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி வழங்கியதே ராஷி என்னும் சுருக்கப்பெயர்.

இவருடைய தொண்டின் அருமையை உணரவேண்டுமாயின் யூதரின் வேத வாசிப்பு முறையை முதற்கண் அறிதல் வேண்டும். ஆதியாகமம் முதல் உபாகமம் ஈறாகவுள்ள ஐந்தாகமங்களையும் யூதர் தோரா என்பர். அதனை 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாள்தோறும் ஜெபஆலயத்தில் முறையே ஓதி, ஓராண்டில் முற்றுப்பெறச் செய்வது அவர் வழக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்பது பெயர். உபாகமத்தின் இறுதியை ஓதி முடிக்கும் சிம்ஹாத் தோரா என்னும் திருநாளிலேயே ஆதியாகமத்தின் முதலதிகாரத்தையும் தொடங்கிவிடுவர். ஆகவே இவ்வாசிப்புக்கு முடிவு என்பதில்லை. கேட்டதோடு அமையாமல், அவ்வாரத்துப் பகுதியை ஒவ்வொருவரும் மூலத்தில் இருமுறையும், தர்கூம் என்னும் அராமிய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் தாமே ஓதவேண்டும் என்பதும் பண்டைய விதி. ஆயினும் நாட்கள் செல்லச் செல்ல, ஐரோப்பாவில் வாழ்ந்த யூதருக்கு அராமியம் அயன்மொழியாயிற்று. எபிரெயத்தின் அருஞ்சொற்களும் விளங்காதனவாயின. வாரந்தோறும் ஓதியும் பொருளுணராது நிற்கும் இவ்வெளிய மக்களுக்குத் துணையாவார் யார் என்பதே அக்காலத்து நின்ற பெருங்குறை. அக்குறையைத் தீர்க்க வந்தவர் ராஷி.

இவர் கி.பி. 1040-ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் வடகிழக்கில் ஷாம்பேன் நாட்டைச் சேர்ந்த துருவா நகரில் பிறந்தார். அந்நகரில் வாழ்ந்த யூதர் தொகை சிறிது. இவர் பிறப்பைக் குறித்துக் கர்ணபரம்பரைக் கதைகள் சில உள. இவரைக் கருவுற்றிருந்த அன்னையார் வோர்ம்ஸ் நகரத்தின் குறுகிய தெரு ஒன்றிற் செல்லுங்கால் வண்டியொன்று நெருக்க, அருகிருந்த சுவர் உள்வாங்கி இடங்கொடுத்து அவரைக் காத்தது என்பது அவற்றுள் ஒன்று. பெரியோரின் பிறப்பைச் சூழ இத்தகைய கதைகள் முளைப்பது எத்தேசத்திலும் இயல்பேயாகலின் நாம் அவற்றை விடுத்து மேற்செல்வோம்.

அக்காலத்தில் யூதக் கல்வி சிறந்து விளங்கிய இடங்கள் ரைன் நதிக்கரையிலுள்ள மைன்ஸ், வோர்ம்ஸ் என்னும் நகரங்களாம். வாலிபரான ராஷி அவ்விடங்களை நாடிச் சென்றார். மைன்ஸ் நகரில் யாக்கோபு பென் யாக்கர் என்னும் முதியவரிடத்தும், ஈசாக்கு பென் யூதா என்பவரிடத்தும், பின்பு வோர்ம்ஸ் நகரில் ஈசாக்கு லேவி என்பவரிடத்தும் பாடங்கேட்டார். உணவும் உடையும் போதாத வறுமையோடு, மணஞ்செய்துகொண்ட குடும்பத்தின் பாரத்தையும் சுமந்தே தாம் கற்க நேர்ந்ததாகப் பிற்காலத்தில் இவரே குறிப்பிட்டுள்ளார். ஆசிரியர்கள் வாய்மொழியாகச் சொல்லிய விளக்கங்களை மாணவர் குறிப்பேடுகளில் எழுதிவைப்பது அக்கழகங்களின் வழக்கம். அக்குறிப்புக்களே பின்னர் இவர் எழுதிய பேருரைகளுக்கு வித்தாயின.

ஏறக்குறைய இருபத்தைந்தாம் வயதில் இவர் துருவாவுக்கு மீண்டு, சில ஆண்டுகளில் அங்கே ஒரு கல்விக்கழகம் நிறுவினார். வேதம் கற்பித்தலுக்கு ஊதியம் பெறுதல் அந்நாளில் வழக்கமன்று. இவர் திராட்சைத் தோட்டம் வைத்துச் சீவித்தார் என்பது நெடுநாளைய நம்பிக்கை. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் இதனை ஐயுறுகின்றனர். ஆயினும், தாமும் தம் வீட்டாரும் திராட்சை அறுவடையில் ஈடுபட்டிருத்தலாற் சுருக்கமாக விடையெழுத நேர்ந்தது என்று இவர் வரைந்த கடிதம் ஒன்று உண்டு. நெசவு, நாணயம், உழவு, உலோகவேலை முதலிய தொழில்களின் நுட்பங்கள் இவருரையில் இடையிடையே விளங்குகின்றன. வீதியிலும் சந்தையிலும் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தவர் இவர் என்பதற்கு அவை சான்றாகும்.

இவருக்கு ஆண்மக்கள் இலர். யோகெபேது, மிரியாம், ராகேல் என்னும் மூன்று பெண்மக்கள் இருந்தனர். மருகரும் பேரரும் இவரிடமே கற்றுப் பேரறிஞராயினர். யோகெபேதின் மைந்தராகிய ரஷ்பம் என்னும் சாமுவேலும், ரபேனு தாம் என்னும் யாக்கோபும் யூத உலகம் நன்கறிந்த பெயர்களாம்.

ராஷி ஐந்தாகமத்துக்கு வகுத்த உரை மிகச் சுருங்கிய சொற்களாலானது. வேதவாக்கியங்களின் நேர்ப்பொருளை உரைப்பதும், பண்டைய ரபிமார் வழங்கிய மித்ராஷ் விளக்கங்களுள் வாக்கியத்தின் சொற்களோடு இயைவனவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தருவதுமே தம் நோக்கம் என்று இவர் ஆதியாகம உரையில் தெளிவாகக் கூறியுள்ளார். அருஞ்சொல் வருமிடத்து, தம்மூர் மக்கள் பேசிய பிரெஞ்சுச் சொல்லையே எபிரெய எழுத்தில் எழுதிப் பொருளை எளிதாக்கினார். வேதத்துக்கும் தால்மூத்துக்கும் இவர் வகுத்த உரைகளில் இவ்வாறு அமைந்த சொற்கள் ஆயிரக்கணக்கானவை. பதினோராம் நூற்றாண்டின் பிரெஞ்சுமொழியை ஆராய்வோர்க்கு அவை இன்றும் கிடைத்தற்கரிய களஞ்சியமாக உதவுகின்றன. தாய்மொழிச் சொல்லைப் புனிதநூலின் உரையிற் சேர்த்தல் இழுக்கு என்று அப்பெரியார் எண்ணினாரில்லை. மாணவன் பொருளுணர்வதே அவருக்கு வேண்டியிருந்தது.

வாரப்பகுதிகளினின்று இவர் எடுத்துக்காட்டும் நீதிகள் சிலவற்றை நோக்குவோம். சிருஷ்டி வரலாற்றில், மனிதனைப் படைக்குங்கால் கடவுள் பன்மையிற் பேசியதாக வருவது ஏன் என்னும் வினா எழுகின்றது. கடவுள் தூதரோடு கலந்து பேசியதாகக் கொண்டு, பெரியோர் சிறியோரையும் கலந்தே ஒரு காரியத்தைத் தொடங்குதல் தகும் என்னும் பணிவை அவ்வாக்கியம் கற்பிப்பதாக ராஷி பொருளுரைக்கிறார். நோவா தன் காலத்தவருள் நீதிமானாயிருந்தான் என்னுமிடத்தில், தீயோரிடையே நல்லவனாயிருந்தவன் நல்லோரிடையே இன்னும் சிறந்திருப்பான் என்று புகழ்வோர் கருத்தையும், ஆபிரகாமின் காலத்தில் இருந்திருப்பின் அவன் ஒரு பொருளாக எண்ணப்படான் என்று குறைப்போர் கருத்தையும் இவர் அருகருகே வைக்கிறார். தீர்ப்பைப் படிப்பவனுக்கே விட்டுவிடுகிறார். ஜலப்பிரளய காலத்தவர் முற்றும் அழிந்தனர். பாபேல் கோபுரங் கட்டியவரோ கடவுளையே எதிர்த்தும் சிதறடிக்கப்பட்டதோடு தப்பினர். இவ்வேறுபாடு ஏன்? முன்னவர் ஒருவரையொருவர் கொள்ளையிட்டு வாழ்ந்தனர். பின்னவர் தம்முள் அன்பும் ஒற்றுமையும் உடையராயிருந்தனர். பகை எத்துணை வெறுக்கத்தக்கது, சமாதானம் எத்துணைப் பெரிது என்பதை இதனால் அறிக என்பது ராஷி தரும் விளக்கம்.

யாத்திராகமத்தில் பலிபீடத்துக்குப் படிக்கட்டு அமைத்து ஏறலாகாது என்னும் கட்டளை உண்டு. படியேறுங்கால் கற்களுக்கு எதிரே உடல் வெளிப்படுவது போன்ற அவமதிப்பு நேரும் என்பது அதன் கருத்தாம். அவமானத்தை உணரும் அறிவில்லாத கற்களே, நமக்குப் பயன்படுகின்றன என்னும் காரணத்தால் இழிவாக நடத்தப்படலாகாவெனின், படைத்தவனுடைய சாயலைத் தாங்கியவனும் தனக்கு நேரும் இழிவைக் கண்டு வருந்துபவனுமாகிய அயலானை நாணச் செய்யாதிருத்தல் எத்துணை இன்றியமையாதது என்று ராஷி எடுத்துக்காட்டுகிறார். இவ்வுரையை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னொருகால் இவர் வாழ்க்கையே இதற்கு விளக்கமாயிற்று.

ஆதியாகமத்தின் இருபத்தெட்டாம் அதிகாரத்தில், யாக்கோபு தன் மாமனாகிய லாபானிடம் அனுப்பப்படும் செய்தி வருகின்றது. அவ்விடத்தில் ரெபெக்காள் யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய் என்று மீண்டும் சொல்லப்பட்டுள்ளது. முன்னரே அறிந்த செய்தியை ஈண்டுக் கூறுவானேன்? ராஷி அவ்விடத்தில், இது நமக்கு எதனைக் கற்பிக்கின்றது என்பதைத் தாம் அறியார் என்று எழுதிவைத்துள்ளார். ஒன்றும் எழுதாது அவ்விடத்தைக் கடந்துசென்றிருப்பின் எவரும் குறைகூறியிரார். ஆயினும் வினா எழுமிடம் ஈது என்று காட்டுவதும், விடை தம்மிடம் இல்லை என்று ஒப்புவதும் உரையாசிரியன் கடமை என்று அவர் கருதினார் போலும்.

இதற்கு ஒப்பான மற்றொரு செய்தியை இவருடைய பேரர் ரஷ்பம் தம் உரையிற் பதிந்துள்ளார். அவர் வாக்கியங்களின் நேர்ப்பொருளைப் பற்றித் தம் பாட்டனாரோடு வாதித்தார். அப்போது முதியவர், நாள்தோறும் புதியனவாகத் தோன்றும் நேர்ப்பொருள்களுக்கு ஏற்ப, அவகாசம் வாய்க்குமாயின் தாம் வேறு உரைகளை எழுதவேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டாராம். வேதமொழிகள் இன்றுதான் அளிக்கப்பட்டன போன்று ஒவ்வொரு நாளும் புதியனவாக இருத்தல்வேண்டும் என்று சீனாய் மலைப் பகுதிக்கு உரையெழுதியவரும் இவரே. தம்மிடம் கற்ற சிறுவனின் வாயாலேயே அப்புதுமை வந்தபோது அதனை முகங்கோணாது ஏற்றுக்கொண்டார்.

இவர் முதுமையில் ஒரு பேரிடி வீழ்ந்தது. 1096-ஆம் ஆண்டில் முதற் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தாருள் சிலர் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்மேற் பாய்ந்தனர். மே மாதத்தில் ஸ்பேயரிலும், அதன்பின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் கொலைகள் நிகழ்ந்தன. மதம் மாறுதலினும் சாதலே மேல் எனத் துணிந்து மாண்டோர் பலர். வாளுக்கு அஞ்சி மதம் மாறினோரும் உளர். துருவா நகரம் தப்பிற்று. ஆயினும் ராஷி பசியோடிருந்து கற்ற கழகங்கள் பாழாயின. மறு ஆண்டில் நான்காம் ஹென்றிச் சக்கரவர்த்தி, கட்டாயத்தினால் மாறியோர் தம் சமயத்துக்குத் திரும்பலாம் என்று அனுமதியளித்தார்.

உயிரச்சத்தால் மாறித் திரும்பிவந்தோரைச் சமூகம் எவ்வாறு நடத்துவது? உறவினரைப் பலிகொடுத்து உறுதியாய் நின்றவர்கள் இவரை வெறுத்து ஒதுக்க முற்படின் அதில் வியப்பில்லை. இத்தகையோர் தொட்ட திராட்சரசத்தை, அவர்தம் மனமாற்றம் நெடுநாள் நிலைபெறும்வரை விலக்கவேண்டுமோ என்னும் வினா ராஷியிடம் வந்தது. அவர்கள் வாளுக்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர். இயன்றபோது விரைந்து மீண்டனர். ஆகவே அவர்களுடைய ரசத்தை விலக்கி அவர்களை நாணச் செய்தல் ஆகாது என்று இவர் விடையளித்தார். பாவஞ் செய்தவனாயினும் யூதன் யூதனே என்னும் பழைய கொள்கையைத் தம் தீர்ப்புக்களுக்கு அடிப்படையாகக் கொண்டவரும் இவரே. பலிபீடத்துக் கற்களின் மானத்தைக் கருதிய உரையாசிரியர் மனிதரின் மானத்தை மறந்தாரில்லை.

1105-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் துருவா நகரில் இவர் உயிர்நீத்தார். தால்மூத்தின் பெரும்பகுதிக்கு உரை கண்டிருந்தும் சில பகுதிகள் முடியாது நின்றன. மக்கோத் என்னும் பகுதியில் ஓரிடத்தில், எம் ஆசிரியரின் தூய ஆன்மா இங்கே பிரிந்தது, இதற்குமேல் அவருடைய மாணாக்கரின் மொழி என்னும் பொருள்படும் குறிப்பொன்று காணப்படுகின்றது. அம்மாணாக்கர் மிரியாமின் கணவராகிய யூதா பென் நாத்தான். பாபா பத்ரா என்னும் பகுதியை ரஷ்பம் நிறைவுசெய்தார். இவ்வாறு, பாதியில் நின்ற வாக்கியங்களை மருகரும் பேரரும் ஏந்திச் சென்றனர். ரபேனு தாம் முதலிய பின்னோர் பாட்டனாரின் கருத்துக்களைப் பலவிடங்களில் மறுத்தும் எழுதினர். அதனால் இவர் பெருமை வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை.

இவர் பிறந்த நாட்டில் யூதர்பட்ட துன்பம் இவரோடு முடியவில்லை. 1242-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தால்மூத் ஏடுகள் வண்டிவண்டியாகத் தீயிலிடப்பட்டன. 1306-ஆம் ஆண்டில் நான்காம் பிலிப் மன்னன் யூதரை நாட்டினின்றும் துரத்தினான். துரத்தப்பட்டோர் சென்ற இடமெல்லாம் ராஷியின் உரையும் சென்றது. லீரா ஊரினராகிய நிக்கோலாஸ் என்னும் கிறிஸ்தவத் துறவியார் தம் வேதாகம உரையில் ராஷியைப் பெரிதும் தழுவினார். அவ்வுரையின் வாயிலாக மார்ட்டின் லூத்தருக்கும் ராஷியின் கருத்துக்கள் எட்டின. 1475-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள ரெஜ்ஜியோ நகரில் ராஷியின் ஐந்தாகம உரை அச்சேறிற்று. அச்சிட்ட ஆண்டு குறிக்கப்பெற்ற எபிரெய நூல்களுள் முதன்மையானது இதுவே. அதில் வழங்கிய எழுத்துவடிவம் ராஷி எழுத்து என்று பெயர்பெற்றது. ராஷியோ அவ்வெழுத்தை எழுதினவரல்லர். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ என்பவர் இயற்றிய யூத விதிநூல், வாரப்பகுதியைத் தர்கூமோடு ஓதுவதற்கு ஈடாக ராஷியின் உரையோடு ஓதினும் அமையும் என்று விதித்தது. அன்னையாரைக் காத்ததாகக் கதை வழங்கும் வோர்ம்ஸ் நகரத்து ஜெபஆலயம் 1938-ஆம் ஆண்டில் நாசிகளால் அழிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பெற்று 1961-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

யூதச் சிறுவர் இன்றும் ஐந்தாகமத்தைக் கற்கத் தொடங்குங்கால் ராஷியின் கையைப் பற்றியே நடக்கின்றனர். முதியோரும் ஒவ்வோராண்டும் அதே பகுதிகளை அதே உரையோடு மீண்டும் ஓதுகின்றனர். கல்லூரியிற் பயிலும் நாமோ, பாடம் ஒருமுறை முடிந்தால் நூலை மூடிவைக்கின்றோம். அறியாததை அறியேம் என்று சொல்ல நாணி, அறிந்தாற்போல் நடிக்கின்றோம். இளையவர் நம்மைத் திருத்தினால் சினங்கொள்கின்றோம். எழுதியதை மீண்டும் எழுதவும், அறியாததை அறியேன் எனவும், பேரனின் சொல்லை ஏற்கவும், தவறியவனை நாணச் செய்யாது காக்கவும் துணிந்த இவ்வாசிரியரிடம் நாம் கற்கவேண்டியவை பல. கற்கத் தொடங்கும் அளவே நாம் இவர்க்குச் செலுத்தும் வணக்கமாகும்.