மழையும் மன்னிப்பும் வேண்டிய மாதவர்

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், கலா ஓயாவின் அருகே அமைந்த சிற்றூர் எலுவன்குளம். ஆற்றைக் கடந்தால் வில்பத்துப் பெருங்காடு. மேற்கே வாவியும் கடலும். ஊரின் பெயரிலேயே ஒரு குளம். வானம் பொய்த்தால் வயலும் பொய்க்கும் வறண்ட நிலம் இது. இத்தகைய நிலத்து மாந்தர் இறைவன்முன் கைகூப்புங்கால் முதற்கண் மழையை வேண்டுதல் இயல்பே. வள்ளுவப் பெருந்தகையும் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினையே வைத்தார் அன்றோ?

ஆயின், மழையும் மகப்பேறும் பிணிநீக்கமும் கேட்டு எழுந்துவிடுவதோடு வேண்டுதல் நிறைவுறுமா? அன்றி, உடலின் தேவைகளை இழிந்தனவென ஒதுக்கி, உயிரின் ஈடேற்றம் ஒன்றனையே கேட்டல்தான் உயர்ந்ததா? சமயத்தார் அனைவரையும் எதிர்நோக்கும் வினா இது. இதற்கு நூலால் விடை கூறியோர் பலர். வாழ்வால் விடை கூறியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இப்புத்தளக் கரையில் மறைபணி புரிந்த யோசேவ் வாஸ் அடிகளார்.

தம்மைத் தாமே எழுதிக்கொடுத்தவர்

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவாவைச் சார்ந்த பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே தம்மைக் கன்னிமரியாளுக்கு அடிமையென எழுதி ஓலை கொடுத்தார். சுந்தரமூர்த்தி நாயனாரை ஆளவந்த இறைவன் அடிமையோலையைத் தானே கொணர்ந்தான் என்பது நம் நாட்டு வரலாறு; இங்கோ அடியவரே ஓலையை எழுதி நீட்டினார். கேட்பதற்கு முன்னே கொடுத்துவிட்டவர் அவர். பின்னாளில் அவர் கேட்டவற்றின் இயல்பை அறிய விழைவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கரையோரத்தே பணியாற்றி மீண்ட அவர், 1685இல் கோவாவின் ஒராத்தோரியம் என்னும் துறவோர் அவையிற் சேர்ந்தார். எனினும் அவர் உள்ளம் ஈழத்தையே நாடியிருந்தது.

ஆயனில்லா மந்தை

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயர் அகன்றனர், அவர்தம் குருமாரும் அகற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளித்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்கள் ஆயனில்லா மந்தையாயினர்.

இந்நிலையில் அவர்கள் இழந்தது யாது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மழையை வேண்டக் குரு வேண்டுவதில்லை. வலை நிறைய மீன் கேட்கவும், காய்ச்சலுற்ற குழவிக்கு நலம் கேட்கவும் குடிசையின் மூலையே போதும். ஆயின், செய்த பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறவும், நற்கருணை உட்கொள்ளவும், இறுதி மூச்சின்போது எண்ணெய்ப் பூசுதல் பெறவும் குருவானவர் வேண்டும். உடலுக்குரியவற்றை அம்மக்கள் தாமே வேண்டிக்கொள்ள முடிந்தது. உயிருக்குரிய உணவுதான் கிட்டவில்லை. அப்பசியை அறிந்தே அடிகளார் புறப்பட்டார்.

1686இல் கோவாவை நீங்கியவர், யோவான் என்னும் ஊழியர் ஒருவரே துணையாக, கூலியாள் கோலங்கொண்டு, தூத்துக்குடியினின்றும் கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்தவரைக் கடும் நோய் வருத்தியது. தேறிய பின், கழுத்திற் செபமாலை அணிந்து, கையேந்தி, வீடுவீடாய்ச் சென்றார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றதோ அவரே மறைவாக வாழும் கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். வயிற்றுக்குச் சோறு கேட்கும் குரலோடு உயிர்களைத் தேடி நடந்த அக்காட்சியை விட, உடலின் தேவையும் உயிரின் தேவையும் ஒருங்கே நின்ற காட்சி வேறொன்று உண்டோ?

சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு, தமிழைப் பயின்று, இரவிற் பூசை நிகழ்த்தியும் பகலில் மறைந்தும் பணி செய்தார். 1689ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தர் புகுந்து கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார், மக்களுள் சிலர் தண்டனையால் உயிர் நீத்தனர். தம்மவரின் உடலைக் காக்குமாறு அவர் வேண்டாதிருந்திருப்பாரா? அவ்வேண்டுதல் அவர் விரும்பியவாறு நிறைவேறவில்லை. இதனை அவர் வரலாற்றில் மறைத்தல் கூடாது.

புத்தளம் முதல் கண்டி வரை

1690இல் அடிகளார் புத்தளம் வந்தார். கற்பிட்டி ஒல்லாந்தர் கையிலிருந்தது. புத்தளமோ கண்டி மன்னன் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆதலின், இங்கே ஓரளவு அச்சமின்றி மக்களை அணுக முடிந்தது. நெடுங்காலம் குருவைக் காணாதிருந்த குடும்பங்களுக்குத் திருமுழுக்கும் பாவமன்னிப்பும் வழங்கி, சிறுவர்க்கு மறை கற்பித்தார்.

1692இல் கண்டி நோக்கிச் சென்றார். போர்த்துக்கேய ஒற்றர் எனப் பழி சுமத்தப்பட்டு, வழியிலேயே பிடிபட்டுச் சிறையுற்றார். பகைவர் அறியாமல் வந்த ஒருவர் ஒற்றரெனக் கருதப்பட்டது வியப்பன்று. ஆயின், சிறையிலிருந்த அவரது ஒழுக்கமே அவருக்குச் சான்று கூறிற்று. அங்கிருந்தே சிங்களம் கற்றார். சிறிய வழிபாட்டிடம் ஒன்றும் அமைத்துக்கொண்டார். காவல் படிப்படியாகத் தளர்ந்தது.

மன்னன் கேட்ட மழை

அந்நாளில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். பௌத்த நெறியிற் பற்றுமிக்கவன். அற்றுப்போன துறவோர் திருநிலைப்பாட்டை மீட்க அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். தன் சமயத்திற் பற்றுடையோனாயிருந்தும் பிற சமயத்துத் துறவியைப் பொறுத்து மதித்த பெருந்தன்மை அவனுக்கு இருந்தது.

1696இல் நாட்டைக் கடும் வறட்சி வாட்டிற்று. பல்வகை வழிபாடுகளும் நிகழ்ந்த பின்னர், மன்னன் அடிகளாரையும் இறைவனை வேண்டுமாறு கேட்டான். அடிகளார் வெளியிடத்தில் சிலுவையை நாட்டி, பீடம் அமைத்து, முழந்தாளிட்டு வேண்டினார் என்றும், பெருமழை பொழிந்தது என்றும், அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். நம்புவோர் அற்புதம் என்பர். நம்பாதார் பருவம் திரும்பியது என்பர். இவ்விரு சாராருக்கும் இடையே நாம் வழக்குத் தீர்க்க வேண்டுவதில்லை. நாம் நோக்கத்தக்கது பிறிதொன்று.

யாழ்ப்பாணத்து எளிய மக்கள் அவரிடம் கேட்டது மன்னிப்பு. கண்டி மன்னன் கேட்டது மழை. ஆன்மாவைப் பேண வந்த எனக்கு வயலின் கவலை எதற்கு என்று அவர் விலகவில்லை. தம் சமயத்தைத் தழுவினாலன்றி வேண்டமாட்டேன் என்று விலை பேசவுமில்லை. வெடித்த நிலத்தின் துயரையும் தம் துயராகக் கொண்டார். மழைக்குப் பின் மன்னன் அளித்த கைம்மாறு, நாடெங்கும் மறைபணி செய்யும் உரிமை. அவ்வுரிமையைக் கொண்டு அவர் சென்றது கொழும்பிலும் பிற இடங்களிலும் குருவின்றி ஏங்கிய மக்களிடமே. மழை வேண்டிய நாவே மீண்டும் மன்னிப்பை வழங்கப் புறப்பட்டது.

பெருநோய்க் காலம்

1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. செல்வரும் அரசவையோரும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோர் காட்டிலும் வெளியிலும் கைவிடப்பட்டனர். அடிகளார் அகலவில்லை. கோவாவிலிருந்து வந்து சேர்ந்த துணைக்குருவோடு, கைவிடப்பட்டோரைப் பேணினார், உணவளித்தார், இறந்தோரை அடக்கம் செய்தார். சமயம் பாராது அனைவர்க்கும் அது நிகழ்ந்தது. கத்தோலிக்கர்க்கு அருட்சாதனங்களும் வழங்கினார்.

வேண்டினார், மழை வந்தது. ஆயின், பெருநோய் ஒரு நாளில் ஓடிவிடவில்லை. அங்கே அவர் கைகளே வேண்டுதலாயின. உடல்நலம் வேண்டிச் செபிப்போன் நோயாளியின் புண்ணைக் கழுவவும் கடமைப்பட்டவன் என்பதை அவர் சொல்லாமற் செய்து காட்டினார்.

இரண்டும் ஒன்றான வேண்டுதல்

கிறித்தவர் நாள்தோறும் கூறும் கர்த்தர் கற்பித்த செபத்தில் ஏழு வேண்டுதல்கள் உள. முதல் மூன்றும் இறைவனின் பெயரையும் அரசையும் திருவுளத்தையும் பற்றியன. இறுதி மூன்றும் மன்னிப்பையும் சோதனையினின்று காவலையும் தீமையினின்று விடுதலையையும் பற்றியன. நடுவே நிற்பது அன்றாட அப்பம். உடலின் தேவை அச்செபத்திலிருந்து ஒதுக்கப்படவுமில்லை. அதுவே முழுவதுமாக ஆகவுமில்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனுக்கு இயேசுநாதர் முதலிற் பாவமன்னிப்பு அளித்து, அதன்பின் எழுந்து நடக்கச் செய்தார் என்பதும் இக்கருத்தே. தூக்கி வந்தோர் நாடியது கால்களின் நலம். கிடைத்தது அதனினும் பெரிது.

சூலை நோயாற் சிவனடி சேர்ந்த நாவுக்கரசரை அறிந்த தமிழர்க்கு இஃது அயலான செய்தியன்று. உடலின் துன்பம் வாயில். உள்ளே புகவேண்டியது உயிர். வாயிலிலேயே நின்றுவிடுவோர் பாதி வழிபாட்டினர். வாயிலே வேண்டாம் என்போர் மனிதரின் பசியறியாதார்.

அடிகளார் ஆயர் பதவியை ஏற்க மறுத்தார். கோவாவுக்கு ஒருமுறையேனும் மீளவுமில்லை. தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் முதலியோர் 1705இல் வந்து துணை சேர்ந்தனர். 24 ஆண்டுகள் இத்தீவில் உழைத்து, 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். 1995இல் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதர் என அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு வழக்கமாக வேண்டப்படும் இரண்டாவது அற்புதம் அவருக்கு வேண்டப்படவில்லை. மழை பெய்வித்தவர் எனப் போற்றப்படும் ஒருவர்க்கு, அற்புதத்தைக் காட்டிலும் வாழ்வே போதிய சான்றாயிற்று.

இன்றும் தலவில் அன்னம்மாள் ஆலயத்துக்கும், எலுவன்குளத்தைக் கடந்து காட்டினுள்ளே பள்ளக்கண்டல் அந்தோனியார் ஆலயத்துக்கும் மக்கள் நேர்த்திகளோடு செல்கின்றனர். பிள்ளைக்கு நலம், தொழிலுக்கு வளம், வயலுக்கு நீர் எனக் கேட்கின்றனர். கேட்கட்டும், கேட்பது குற்றமன்று. நீர் நிறைந்த குளத்தருகே பகை நிறைந்த நெஞ்சோடு வாழ்வதாற் பயனில்லை என்பதையும் உணர்ந்து, மழையோடு மன்னிப்பையும் கேட்டு மீள்வாராயின், அவர்தம் வேண்டுதல் நிறைவுடையதாகும்.