ஹெலன் கெல்லர்: தான் கேட்க முடியாத குரலுக்காகப் போராடியவர்

பள்ளிப் பாடநூல்களில் நாம் அறிந்த ஹெலன் கெல்லர் ஆறு வயதுச் சிறுமி. ஒரு கையில் குழாய்த் தண்ணீர் வழிய, மறு கையில் ஆசிரியர் விரலால் எழுதிய சொல்லைப் புரிந்துகொள்கிறார். பாடம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அவற்றில் பெரும்பகுதியை அவர் பொதுவாழ்வில் செலவிட்டார் என்பது நம் மாணவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. விடாமுயற்சியின் சின்னமாக அவரைச் சுருக்கிவிட்டால், முயன்றால் எவரும் உயரலாம் என்று சொல்லி அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ளலாம். பட்டாசு ஆலை விபத்துகளில் கண்ணையும் கையையும் இழந்தோரின் பக்கம் நிற்கும் நாம், அவரது வாழ்வை வேறு விதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

1880 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில் டஸ்கம்பியா என்னும் ஊரில் ஹெலன் பிறந்தார். தந்தை, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னகப் படையில் அதிகாரியாக இருந்தவர். கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதை 1832-இலேயே குற்றமாக்கிய மாநிலம் அது. எழுத்து மறுக்கப்பட்டோரின் வரலாற்றை அறிந்த நமக்கு, இந்தப் பின்னணி முக்கியமானது. பிறந்த 19-ஆம் மாதத்தில் வந்த நோய், குழந்தையின் பார்வையையும் செவித்திறனையும் ஒருங்கே பறித்தது.

மருத்துவம் கைவிட்ட நிலையில், 1886-இல் பெற்றோர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் குழந்தையைக் கொண்டுசென்றனர். தொலைபேசியைக் கண்டறிந்தவர் என்று உலகம் அறிந்த பெல், செவித்திறனற்றோரின் ஆசிரியராகவும் இருந்தவர். அவர் காட்டிய வழியில் பாஸ்டனின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியை அணுகியபோது, 1887 மார்ச் 3 அன்று ஆன் சல்லிவன் ஆசிரியராக வந்து சேர்ந்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் மகளான ஆன், அனாதை இல்லத்தைவிடக் கொடிய ஓர் ஏழையர் விடுதியில் வளர்ந்தவர். கண்ணோயால் பெரும்பகுதிப் பார்வையை இழந்தவர். வறுமை கண்ணைப் பறிக்கும் என்பதற்கான முதல் சான்று ஹெலனின் ஆசிரியரே.

1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலன் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் அற்ற ஒருவர் இளங்கலைப் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1906-இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தில் உறுப்பினரானார். அங்கே புள்ளிவிவரங்களைப் படித்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது: பார்வையிழப்பு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. பாதுகாப்பற்ற ஆலைகளும் நெரிசலான குடியிருப்புகளும் மருத்துவம் எட்டாத வறுமையும் யாரைச் சூழ்ந்துள்ளனவோ, அவர்களிடமே அது அதிகம் வருகிறது. 1909-இல் அவர் சோசலிஸ்ட் கட்சியில் இணைந்தார். அதுவரை அவரது அறிவைப் போற்றிய செய்தித்தாள்கள், அதன்பின் அவரது உடற்குறையையே காரணம் காட்டி அக்கருத்துகளை ஒதுக்கின. 1916-இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்புக்கு அவர் நன்கொடையும் ஆதரவுக் கடிதமும் அனுப்பியபோது, சொந்த மாநிலமே அவரைத் தூற்றியது.

அவரை நாம் பீடத்தில் ஏற்றவில்லை. 1915-இல், ஊனத்துடன் பிறந்த சிசுவுக்கு அறுவை மருத்துவம் மறுத்து இறக்கவிட்ட சிகாகோ மருத்துவரை அவர் ஆதரித்தார். அந்நாளைய இனமேம்பாட்டுக் கருத்தியல் அவரையும் பிடித்திருந்தது. பிறப்பைக் கொண்டு மனித மதிப்பை அளக்கும் எந்தக் கருத்தியலையும் எதிர்க்கும் நாம், இதை மறைக்காமல் பதிவு செய்கிறோம்.

நமக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது அவர் வாழ்வின் அடுத்த கட்டம். பார்வையற்றோருக்கான நூல்களை அரசே தன் செலவில் வழங்க வேண்டும் என்று 1930-இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடினார். 1931 மார்ச் 3 அன்று அதற்கான சட்டம் வந்தது. ஆண்டுக்கு 1,00,000 டாலர் ஒதுக்கப்பட்டது. அடுத்து, பிரெய்ல் அறியாதோரும் கேட்டுப் படிக்க இசைத்தட்டில் பதிந்த பேசும் புத்தகங்கள் உருவாயின. அவற்றை இயக்கும் கருவிகளுக்கு நிதி திரட்ட ஹெலனை அழைத்தனர், அவர் மறுத்தார். அது பெருமந்தக் காலம். கோடிப் பேர் வேலையின்றிப் பசித்திருக்கையில் இது ஓர் ஆடம்பரம் என்று கருதினார்.

பின்னர் அவர் மனம் மாறினார். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட், வேலையற்றோருக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின்கீழ் அக்கருவிகளைத் தயாரிக்க நிதி ஒதுக்கினார். ஹெலனும் அதற்காக அவரிடம் முறையிட்டிருந்தார். கருவி செய்தவருக்குக் கூலி கிடைத்தது. பார்வையற்றவருக்குப் புத்தகம் கிடைத்தது. சோறா நூலா என்ற கேள்வி, பொதுப்பணம் முன்வந்ததும் பொருளிழந்தது. செவித்திறனற்ற ஹெலனால் அப்புத்தகங்களில் ஒன்றையும் கேட்டிருக்க முடியாது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

1955-இல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1966-இல், கை முடங்கியதால் நூலைப் பிடிக்க முடியாதோர் உள்ளிட்ட பிற உடல் ஊனமுற்றோருக்கும் அமெரிக்கா அந்நூலகச் சேவையை விரிவாக்கியது. 1968 ஜூன் 1 அன்று ஹெலன் மறைந்தார்.

கை முடங்கியோரும் வாசிப்புரிமை உடையோரே என்ற அந்த விரிவாக்கம் நம்மை அச்சங்குளத்துக்கு அழைத்து வருகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் தீக்காயங்களுடன் உயிர் பிழைத்தனர். மருந்துக் கலவை வெடிக்கும்போது முதலில் கருகுபவை முகமும் கையும்தான். நிலமற்ற தலித் குடும்பங்களும் பெண்களும் பெருமளவில் உழைக்கும் இத்தொழிலில், விபத்துக்குப் பின் காகிதங்கள் வரத் தொடங்குகின்றன: மருத்துவச் சான்று, இழப்பீட்டு ஆணை, சமரசப் பத்திரம். கண்ணோ கையோ இழந்தவருக்கு அவற்றை யார் படித்துக் காட்டுகிறாரோ, அவர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது.

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாத அளவு பார்வை போனால் 100 விழுக்காடு இழப்பு என்றும், மறு கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. அக்கணக்கில் கண் என்பது உழைக்கும் கருவி மட்டுமே. அது படிக்கவும் உதவியது என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை.

அந்த உரிமைக்கு வேறு சட்டங்களில் இடமுண்டு. 2013-இல் ஹெலனின் பிறந்தநாளான ஜூன் 27 அன்று ஏற்கப்பட்ட மராக்கேஷ் உடன்படிக்கை, பார்வையற்றோரோடு நூலைப் பிடிக்க இயலாதோரையும் பயனாளிகளாக்கியது. 2014-இல் அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ளவை அனைவருக்கும் எட்டும் வடிவில் இருக்க நடவடிக்கை எடுப்பதைப் பிரிவு 42-இல் அரசின் கடமையாக்கியது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பொதுப்பணத்தில் ஆதரிக்கும் ஒரு சேவையில், ஓர் எண்ணை அழைத்தால் கணினிக் குரல் அன்றைய நாளிதழை வாசிக்கிறது. இந்திய அரசின் சுகம்ய புஸ்தகாலயா 2016-இல் தொடங்கியது. பயனுள்ளதுதான், ஆனால் அது இணையவழி நூலகம். கருகிய விரல்களுக்குத் தொடுதிரை வசப்படாது.

எனவே நம் கோரிக்கை எளியது. பட்டன் போனிலிருந்தும் கட்டணமின்றி அழைத்துக் கேட்கும் தமிழ் வாசிப்புச் சேவையை அரசு தன் நிதியில் நடத்த வேண்டும். நாளிதழ், அரசாணை, நூல்களோடு, இழப்பீட்டு விதிகளும் அதில் ஒலிக்க வேண்டும். தனக்கு வந்த காகிதத்தைப் படித்துச் சொல்லும் நடுநிலையான ஆளையும் அந்த எண்ணில் பெற முடிய வேண்டும்.

முதலில் சோறு, பிறகு படிப்பு என்று நம்மிடம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஹெலனும் ஒருமுறை அப்படியே நினைத்தார்; பின்பு திருத்திக்கொண்டார். இழப்பீட்டுக் காகிதத்தைப் படிக்க முடியாதவரின் சோறும் பிறர் கையில்தான் இருக்கிறது.