தாயின் நஷ்டம் கற்றுத்தந்த கணக்கு: பெஞ்சமின் கிரகாம்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு பாங்கி. அங்கே ஒரு சிறுவன் கையில் செக்குடன் நின்று கொண்டிருந்தான். அவனுடைய தாய் எழுதிக் கொடுத்த செக் அது. தொகை 5 டாலர்தான்.

காசாளர் செக்கை வாங்கிப் பார்த்தார். இந்த அம்மாளை நம்பி 5 டாலர் கொடுக்கலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்தக் கேள்வி சிறுவனின் காதில் விழுந்தது. அவமானத்தால் கூனிக் குறுகிப் போனான்.

அந்தச் சிறுவன்தான் பெஞ்சமின் கிரகாம். பங்குகளை வாங்குவது சூதாட்டம் அல்ல, கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் என்று பிற்காலத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்னவர்.

தந்தை மறைவு

கிரகாம், 1894-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி லண்டனில் பிறந்தார். யூத குடும்பம். குடும்பப் பெயர் கிராஸ்பாம். முதல் உலகப்போர் காலத்தில்தான் அது கிரகாம் என்று மாறியது.

அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போது குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. தந்தை பீங்கான் சாமான்களை இறக்குமதி செய்து விற்று வந்தார். வீட்டில் வசதிக்குக் குறைவு இல்லை.

1903-ம் ஆண்டு தந்தை திடீர் என்று இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 35தான். மூன்று ஆண் பிள்ளைகளில் பெஞ்சமின் கடைக்குட்டி. கணவரை இழந்த தாயின் தலையில் குடும்ப பாரம் விழுந்தது. வியாபாரம் நொடித்தது.

தாய் மனம் தளரவில்லை. வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு, தங்குகிறவர்களுக்குச் சாப்பாடும் போட்டார். அதிலும் நஷ்டம். கடைசியில் மிச்சம் இருந்த பணத்துடன் பங்கு மார்க்கெட்டில் இறங்கினார்.

அங்கேதான் தவறு நடந்தது. கையில் இருந்தது கொஞ்சம் பணம். மீதியைத் தரகரிடம் கடனாகப் பெற்று, உருக்கு கம்பெனிப் பங்குகளை வாங்கினார். விலை ஏறினால் லாபம். இறங்கினால், கடனைக் கழித்துக்கொள்ள தரகரே பங்குகளை விற்று விடுவார்.

1907-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பணப் பீதி ஏற்பட்டது. பாங்கிகள் முன்பு மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டனர். பங்கு விலைகள் சரிந்தன. தாயின் சேமிப்பு அடியோடு போயிற்று.

வாரம் 12 டாலர்

சிறுவன் பெஞ்சமின் சில்லறை வேலைகள் செய்து கொண்டே படித்தார். லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர். கல்விச் சலுகை பெற்று, புகழ்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1914-ம் ஆண்டு பட்டம் பெற்றபோது, அவருக்கு ஓர் அதிசயமான வாய்ப்பு வந்தது. ஆங்கிலம், தத்துவம், கணிதம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியராக வரும்படி அழைத்தன. அவர் மூன்றையும் ஏற்கவில்லை. குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது.

நியூயார்க்கில் பங்குத் தரகர்கள் நிறைந்த வால் தெருவில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பத்திரங்களையும் செக்குகளையும் ஆபீசுக்கு ஆபீஸ் சுமந்து செல்லும் எடுபிடி வேலை. வாரச் சம்பளம் 12 டாலர்.

தாயின் பணத்தை விழுங்கிய அதே தெருவில் மகன் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் தாய் பார்க்காத ஒன்றை அவர் பார்த்தார். அதுதான் கம்பெனிகளின் கணக்குப் புத்தகம்.

அந்தக் காலத்தில் பங்கு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வதந்திகளை நம்பினார்கள். கிரகாம் வரவு, செலவு, சொத்து, கடன் என்று வரி வரியாகப் படித்தார். சில ஆண்டுகளில் கம்பெனியின் பங்குதாரராக உயர்ந்தார். பிறகு அதிலிருந்து விலகி, தாமே தொழில் தொடங்கினார்.

யாரும் பார்க்காத புதையல்

1911-ம் ஆண்டு, ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற மாபெரும் எண்ணெய் நிறுவனத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு பல துண்டுகளாகப் பிரித்தது. அதில் பிறந்தவற்றில் எட்டு, குழாய் வழியாக எண்ணெய் அனுப்பும் சிறு கம்பெனிகள். நார்தர்ன் பைப்லைன் அவற்றில் ஒன்று.

இந்தக் கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு அனுப்பிய ஆண்டுக் கணக்கில் விவரம் எதுவும் இருக்காது. சில வரிகளோடு சரி. ஆனால் சரக்குப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு கமிஷனிடம் அவை விரிவான கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். 1926-ம் ஆண்டு ஒரு அறிக்கையைப் படித்தபோது இது கிரகாமின் கண்ணில் பட்டது.

உடனே ரெயில் ஏறி வாஷிங்டன் போனார். கமிஷன் ஆபீசில் உட்கார்ந்து கணக்குகளைப் புரட்டினார். அவரால் நம்ப முடியவில்லை.

நார்தர்ன் பைப்லைன் பங்கின் மார்க்கெட் விலை 65 டாலர். ஆண்டு தோறும் கொடுத்து வந்த டிவிடெண்டு, அதாவது லாப ஈவு, 6 டாலர். 100 டாலர் போட்டால் ஆண்டுக்கு 9 டாலருக்கு மேல் கிடைக்கும். அது மட்டும் அல்ல. கம்பெனி வாங்கி வைத்திருந்த ரெயில்வே கடன் பத்திரங்கள் முதலியவற்றின் மதிப்பு மட்டும் பங்கு ஒன்றுக்கு சுமார் 95 டாலர்!

95 டாலர் உள்ள பணப்பையை 65 டாலருக்கு விற்கிறார்கள். கூடவே எண்ணெய்க் குழாய்த் தொழிலும் இனாம். காரணம், யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை.

கிரகாம் சத்தம் இல்லாமல் பங்குகளை வாங்கிச் சேர்த்தார். பிறகு நிர்வாகிகளைச் சந்தித்து, தொழிலுக்குத் தேவைப்படாத பணத்தை பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார். குழாய்த் தொழில் பற்றி உமக்கு என்ன தெரியும், பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம் என்ற தோரணையில் பதில் வந்தது.

1927-ம் ஆண்டு ஜனவரியில், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஆயில் சிட்டி என்ற சிறிய ஊரில் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கிரகாம் தனியாகப் போனார். அங்கே இருந்தவர்கள் கம்பெனி ஆட்கள்தான். அவருடைய தீர்மானத்தை வழிமொழியக்கூட ஆள் இல்லை. கூட்டம் சில நிமிடங்களில் முடிந்து விட்டது. அவர் தலைகுனிந்து திரும்பினார்.

ஆனால் விடவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் மற்ற பங்குதாரர்களைத் தேடிச் சென்று ஆதரவு திரட்டினார். 1928-ம் ஆண்டுக் கூட்டத்தில் இரண்டு டைரக்டர் பதவிகளைக் கைப்பற்றினார். நிர்வாகம் இறங்கி வந்தது. தேங்கிக் கிடந்த பணம் பங்குதாரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வேறு சில பைப்லைன் கம்பெனிகளும் அதே வழியைப் பின்பற்றின.

மகனும் சறுக்கினார்

வெற்றி மேல் வெற்றி. 1929-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர் பொறுப்பில் இருந்த பணம் 25 லட்சம் டாலர். நியூயார்க்கில் ஆடம்பரமான அடுக்குமாடி வீட்டை 10 ஆண்டு குத்தகைக்கு எடுத்தார்.

அந்த ஆண்டு அக்டோபரில் பங்கு மார்க்கெட் நொறுங்கியது. முதல் அடி அவரை அதிகம் பாதிக்கவில்லை. 1930-ல், மோசமான காலம் முடிந்து விட்டது என்று அவர் நினைத்தார். கடன் வாங்கிப் பங்குகளை வாங்கினார்.

தாய் செய்த அதே தவறு! விலைகள் மேலும் மேலும் இறங்கின. 1929 முதல் 1932 வரை அவர் நிர்வகித்த பணத்தில் சுமார் 70 சதவீதம் கரைந்து போயிற்று. அதில் உறவினர்கள், நண்பர்களின் பணமும் இருந்தது. அவரை நம்பி மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு எதிர்பார்த்திருந்தவர்களும் இருந்தனர்.

கிரகாம் ஓடி ஒளியவில்லை. பெரிய வீட்டை விட்டு சிறிய வீட்டுக்கு மாறினார். அவரும் கூட்டாளி ஜெரோம் நியூமனும், பழைய நஷ்டம் ஈடாகும் வரை தங்களுக்கு லாபத்தில் பங்கு இல்லாமலே உழைத்தார்கள். 1935-ம் ஆண்டு முடிவில் அந்தக் கணக்கு நேரானது.

மலிவா, மோசமா?

அந்த இருண்ட காலத்தில்தான் அவருடைய சிந்தனை முழு உருவம் பெற்றது.

1932-ல் போர்ப்ஸ் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். நியூயார்க் மார்க்கெட்டில் உள்ள தொழில் கம்பெனிகளில் மூன்றில் ஒன்று, கடன் போகக் கையில் உள்ள ரொக்கம், சரக்கு ஆகியவற்றின் மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்பதை எடுத்துக் காட்டினார். பீதியில் மக்கள் நல்ல சரக்கையும் தெருவில் வீசுகிறார்கள் என்றார்.

1928 முதல் கொலம்பியாவில் மாலை நேர வகுப்பு நடத்தி வந்தார். பாடங்களைக் குறிப்பு எடுத்தவர் டேவிட் டாட். இருவரும் சேர்ந்து எழுதிய பங்கு ஆராய்ச்சி நூல் 1934-ல் வெளிவந்தது. சாதாரண மக்களுக்காக கிரகாம் எழுதிய, அறிவுள்ள முதலீட்டாளர் என்ற பொருள் கொண்ட நூல் 1949-ல் வந்தது.

டிவிடெண்டு வருமானத்தை நம்பிப் பங்கு வாங்குகிறவர்களுக்கு அவர் கூறிய வழி எளிமையானது.

100 ரூபாய் பங்குக்கு 5 ரூபாய் டிவிடெண்டு கிடைத்தால், அது 5 சதவீதம். பங்கின் விலை 50 ரூபாயாக இறங்கினால், அதே 5 ரூபாய் 10 சதவீதமாகத் தெரியும். ஆகா, நல்ல வருமானம் என்று ஓடக்கூடாது. விலை ஏன் இறங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பெனியின் லாபம் வற்றிப் போயிருந்தால், அடுத்த ஆண்டு டிவிடெண்டும் வற்றி விடும். வருமானமும் போய், முதலும் போகும்.

மாறாக, லாபம் நிலையாக இருந்து, சொத்து கெட்டியாக இருந்து, மார்க்கெட் மட்டும் முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்தால், அதுதான் உண்மையான மலிவு. நார்தர்ன் பைப்லைன் அப்படிப்பட்டது.

இதற்கு அவர் சில அளவுகோல்களையும் கொடுத்தார். 1973-ல் வந்த பதிப்பில் அவை தெளிவாக உள்ளன. கம்பெனி பெரியதாக இருக்க வேண்டும். 20 ஆண்டுகளாவது விடாமல் டிவிடெண்டு கொடுத்திருக்க வேண்டும். 10 ஆண்டுகளில் எந்த ஆண்டும் நஷ்டம் கூடாது. கடன் அளவோடு இருக்க வேண்டும். பங்கின் விலை, மூன்று ஆண்டு சராசரி லாபத்தைப்போல் 15 மடங்குக்கு மேல் போகக்கூடாது.

ஒரே கம்பெனியில் பணத்தைக் கொட்டாமல், 10 முதல் 30 கம்பெனிகளில் பிரித்துப் போட வேண்டும். கையில் உள்ளதில் கால் பங்காவது கடன் பத்திரங்களில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்புக்கும் விலைக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்றார். 10 பேர் ஏறக்கூடிய படகில் 6 பேரை ஏற்றினால், அலை அடித்தாலும் கரை சேரலாம் அல்லவா? அதுபோல, கணக்கு சற்றுத் தவறினாலும் முதல் தப்பும்.

மறக்காத தாய்

அதே புத்தகத்தில், குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டிய ஒரு விதவையை கிரகாம் உதாரணமாகக் கூறுகிறார். வருமானம் போதவில்லை என்பதற்காக அவள் ஆபத்தான பங்குகளை வாங்கலாமா? கூடாது என்பது அவர் முடிவு. தேவை அதிகம் என்பதால் ஆபத்து குறைந்து விடாது. இழந்தால் ஈடு செய்ய வழி இல்லாதவர்கள், கிடைக்கும் அளவான வருமானத்தோடு நிற்க வேண்டும்.

அவருடைய தாய்க்கு 1907-ல் யாரும் சொல்லாத யோசனை இது.

கிரகாமின் வாழ்வில் சோகங்களும் உண்டு. 1927-ல் மூத்த மகனைச் சிறு வயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தார். மூன்று முறை திருமணம் செய்தார். அவர் எழுதிய நாடகம் 1934-ல் அரங்கேறி, சில நாட்களிலேயே நின்று போனது.

எல்லா விதிகளையும் அவரே எப்போதும் கடைப்பிடித்தார் என்றும் சொல்ல முடியாது. 1948-ல், கெய்கோ என்ற இன்சூரன்ஸ் கம்பெனியில் பாதியை வாங்க, தம் நிறுவனத்தின் பணத்தில் சுமார் கால் பங்கை ஒரே இடத்தில் போட்டார். மற்ற எல்லா முதலீடுகளும் சேர்ந்து கொடுத்ததைவிட அதிக லாபத்தை அது ஒன்றே கொடுத்தது. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

அவரிடம் படித்து, அவரிடமே 1954 முதல் 1956 வரை வேலை பார்த்த இளைஞர் வாரன் பப்பெட். பிற்காலத்தில் உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். குருவின் நினைவாக மகன் ஒருவனுக்கு கிரகாம் என்ற பெயரையும் சேர்த்து வைத்தார்.

ஆனால் கிரகாமுக்குப் பணத்தின் மேல் பேராசை இருக்கவில்லை. 1956-ல் நிறுவனத்தை மூடிவிட்டு, கலிபோர்னியாவுக்குக் குடிபோனார். மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். ஸ்பானிஷ் மொழி நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1976-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, பிரான்சு நாட்டில், 82-வது வயதில் காலமானார்.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தை, அதிக வட்டி, அதிக டிவிடெண்டு என்ற பேச்சைக் கேட்டு எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அப்படிப் போடும் முன்பு, அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கடன் வாங்கிப் போடாதீர்கள்.

கிரகாம் இந்த இரண்டையும் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை, தாயின் சேமிப்பும் தம்முடைய 70 சதவீதமும்.