வில்லைக் கீழே வைத்த கலைஞர்

ஸ்பெயின் தேசத்துக் கத்தலோனியாவில், எல் வென்றெல் என்னும் ஊரின் பங்குக் கோவிலில் ஆர்கன் வாசித்தவரின் மகனாக 1876 மார்கழி 29ஆம் திகதி பிறந்தவர் பப்லோ கசல்ஸ். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவே அவர் வாழ்வாயிற்று. 13ஆவது வயதில், பார்சலோனாவில் ஒரு பழைய கடையிலே, பாக் இயற்றிய 6 தனிச்செல்லோத் தொகுதிகளைக் கண்டெடுத்தார். வெறும் பயிற்சிப் பாடங்களெனப் பலரும் ஒதுக்கியிருந்த அவற்றை, பல்லாண்டுகள் பயின்ற பின்னரே மேடையேற்றினார்.

1939இல் உள்நாட்டுப் போரில் ஜெனரல் பிராங்கோ வென்றார். கசல்ஸ் பிரான்சின் பிறாட் என்ற சிற்றூரில் தங்கி, அகதி முகாம்களில் வாடிய தம் மக்களுக்கு உதவி திரட்டினார். உலகப் போர் முடிந்த பின்னரும் வல்லரசுகள் பிராங்கோவைச் சகித்துக்கொண்டதால், புகழின் உச்சியிலே மேடையைத் துறந்தார். வருமானம் போயிற்று, மனச்சாட்சி நின்றது. 1950இல், பாக் மறைந்த 200ஆம் ஆண்டில், உலகக் கலைஞர்களே அவரைத் தேடி வந்து அவ்வூர்க் கோவிலில் அவரோடு வாசித்தனர்.

1971இல், 94 வயதில், ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டு நத்தார்ப் பாடலொன்றைச் சமாதானத்துக்காக வாசித்தார். 1973 ஐப்பசி 22ஆம் திகதி போட்டோ றிக்கோவில் காலமானார். பிராங்கோ மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 1979இல், அவரது உடல் பிறந்த ஊருக்குத் திரும்பியது. அவரது இசையைப் போலவே அவரது மௌனமும் நீதிக்குச் சாட்சியாயிற்று.