வாரி வழங்கி வென்ற ஆசிரியர்

பகைவன் பொருளைக் கவர்ந்து வெல்வது உலக வழக்கம். தம் பொருளையெல்லாம் பகைவனுக்கு வாரி வழங்கி, அவ்வழியே வென்ற ஒருவரைச் சதுரங்க வரலாற்றிலே காண்கிறோம். அவரே ஜெர்மானியராகிய அடால்ஃப் ஆண்டர்சன்.

1818-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் அவர் பிரஷ்ய நாட்டுப் பிரெஸ்லா நகரில் பிறந்தார். இன்று போலந்து நாட்டில் விராட்ஸ்லாவ் எனும் பெயருடன் விளங்குவது அந்நகரே. பிறந்த ஊரிலேயே பள்ளியில் கணிதம் கற்பித்து வாழ்ந்தார். சதுரங்கம் அவருக்குப் பிழைப்பன்று; பணிக்கிடையே பேணிய உவகையாகும்.

1851-இல் லண்டனில் பெருங்கண்காட்சி நடந்தபோது, பதினாறு வீரர் மோதிய முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியும் அங்கே கூடியது. இங்கிலாந்தின் பெருவீரர் ஸ்டாண்டன் உட்பட எதிர்த்தோர் அனைவரையும் வீழ்த்தி, இப்பள்ளி ஆசிரியர் முதற்பரிசு பெற்றார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது, அப்போட்டிக்குப் புறம்பாக ஜூன் 21-ஆம் நாள் கீசெரிட்ஸ்கி என்பாருடன் பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டமே. அதில் ஆண்டர்சன் ஒரு மந்திரியை இழந்தார். இரண்டு யானைகளை இழந்தார். முடிவில் ராணியையும் கொடுத்தார். அவர் கொண்டவையோ மூன்று சிப்பாய்கள் மட்டுமே. எனினும் 23-ஆம் நகர்த்தலில், எஞ்சிய இரு குதிரைகளும் ஒரு மந்திரியும் எதிரியின் ராஜாவைச் சிறைப்படுத்தின.

இவ்விந்தையின் காரணம் யாது? யானைகளைக் கவரும் ஆசையால் எதிரியின் ராணி பலகையின் மூலைக்குச் சென்றுவிட்டது. ஏனைய படையிற் பெரும்பகுதி புறப்பட்ட இடத்திலேயே நின்றது. ஆண்டர்சனின் சிறுபடையோ ராஜாவைச் சூழ்ந்து நின்றது. படையின் எண்ணிக்கையினும், உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்பதே பெரிது என்பதை அவர் ஆட்டம் விளக்கிற்று. ‘அழிவற்ற ஆட்டம்’ என்று உலகம் அதனைப் போற்றுகிறது. தோற்ற கீசெரிட்ஸ்கியே அதனைத் தம் இதழில் வெளியிட்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1858 டிசம்பரில், தம் நாற்பதாம் வயதில், ஆண்டர்சன் பாரிஸ் சென்று 21 வயதினரான அமெரிக்க இளைஞர் மார்ஃபியை எதிர்த்தார். பதினோர் ஆட்டங்களில் இரண்டே வென்றார், ஏழில் தோற்றார். படை முழுவதையும் ஆயத்தப்படுத்திய பின்னரே தாக்க வேண்டும் என்ற நெறியை மார்ஃபியின் ஆட்டம் உணர்த்திற்று.

புகழ் பெற்றவர் பலர் அத்தகைய தோல்விக்குப்பின் பலகையைத் தொடவும் கூசுவர். ஆண்டர்சன் கூசவில்லை. 1862-இல் மீண்டும் லண்டன் போட்டியில் முதல்வரானார். 1866-இல் ஸ்டைனிட்ஸிடம் ஆறுக்கு எட்டு என்ற கணக்கில் தோற்றார். 1870-இல் பாடன்பாடன் நகரில், ஐம்பத்திரண்டு வயதில், அதே ஸ்டைனிட்ஸை இரண்டாம் இடத்திற்குத் தள்ளி முதற்பரிசு கொண்டார். 1879 மார்ச் 13-ஆம் நாள் பிறந்த நகரிலேயே உயிர் நீத்தார்.

ராணியைக் கொடுத்தது அவருடைய துணிவு என்பர். தம்மினும் வல்லாரை நாடிச் சென்று, தோற்று, மீண்டும் பலகைமுன் அமர்ந்ததே அதனினும் பெருந்துணிவு என்போம் நாம். நம் இல்லங்களில் சதுரங்கம் பயிலும் சிறார், முன்னதை வியந்து பின்னதைக் கற்பாராக.