கொசுவின் வயிற்றில் விடை தேடியவர் – சர் ரொனால்ட் ராஸ்



சாயங்காலம் ஆறு மணி ஆனா நம்ம சிதம்பரத்துல வீட்டுக்கு வீடு கதவைச் சாத்துறாங்க. எதுக்கு? திருடனுக்குப் பயந்தா? இல்லை, கொசுவுக்குப் பயந்து! அந்தக் கொசு மனுஷனுக்கு என்ன செய்யுதுன்னு உலகத்துக்குச் சொன்ன ஒரு டாக்டரின் கதைதான் இந்த மாத அறிஞர் வரலாறு.

இமயமலை அடிவாரத்துல அல்மோரா என்ற ஊர். 1857 மே 13 அன்று ரொனால்ட் ராஸ் அங்கே பிறந்தார். சிப்பாய்க் கலகம் தொடங்கி மூணே நாள்தான் ஆகியிருந்தது. அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார்.

ராஸுக்கு டாக்டர் ஆகவே ஆசை இல்லை! கவிதை, ஓவியம், இசை, கணக்கு இதிலெல்லாம்தான் மனசு. அப்பாவின் பிடிவாதத்தால் லண்டனில் மருத்துவம் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தார்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவர் தங்கியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை தாங்கல. தேடிப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீர் முழுக்கக் கொசுப் புழு. தொட்டியைக் கவிழ்த்து விட்டார். கொசு குறைந்து போச்சு. அப்போது அவருக்கு மலேரியாவைப் பற்றி ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தத் தொட்டியை அவர் கடைசி வரை மறக்கல.

அந்தக் காலத்தில் சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால் மலேரியா வருதுன்னு ரொம்பப் பேர் நம்பினாங்க. மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880-ல் லாவரன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ஆனா அது ஒரு ஆள்கிட்டேயிருந்து இன்னொரு ஆளுக்கு எப்படிப் போகுது? 1894-ல் லண்டனில் பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர், கொசுவைச் சந்தேகப்படச் சொல்லி ராஸுக்கு வழி காட்டினார்.

1895-ல் செகந்திராபாத் வந்தார் ராஸ். பகலெல்லாம் கொசுவை அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே வேலை. வேர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்று புழுக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊட்டிப் பக்கம் மலேரியா உள்ள இடத்தைப் பார்க்கப் போனபோது, தினமும் கொயினா சாப்பிட்டும் அவருக்கே மலேரியா வந்தது. அந்தக் கொயினா சிங்கோனா மரப்பட்டையில் கிடைப்பது. நம்ம நீலகிரியிலும் ஆங்கிலேயர்கள் சிங்கோனா தோட்டம் போட்டார்கள், நடுவட்டத்தில் கொயினா தொழிற்சாலையும் இருந்தது.

ரெண்டு வருஷம் தேடியும் ஒண்ணும் கிடைக்கல. ஏன்னா அவர் அறுத்ததெல்லாம் வேற இனக் கொசு. கடைசியில் புள்ளி இறக்கை உள்ள கொசு (அதுதான் அனாபிலஸ்) கிடைத்தது. உசேன் கான் என்ற மலேரியா நோயாளியை அதற்குக் கடிக்கக் கொடுத்தார். ஒரு கடிக்கு ஓரணா கூலி! 1897 ஆகஸ்ட் 20 அன்று, அப்படிக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 40. சந்தோஷத்தில் ஒரு கவிதையே எழுதினாராம். அதனால்தான் ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள்.

அதோடு முடியல. இடமாற்றம் வந்து மனுஷ மலேரியாவை ஆராய முடியாமல் போச்சு. 1898-ல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கூடவே இருந்தார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது அடுத்த உடலுக்குள் போகுதுன்னு நிரூபித்தார். மனுஷ மலேரியாவில் இதே பாதையை இத்தாலியின் கிராசி குழுவினர் காட்டினார்கள். யார் முதல் என்று ராஸும் கிராசியும் கடைசி வரை சண்டை போட்டது தனிக்கதை! 1902-ல் நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. இந்தியாவில் பிறந்து நோபல் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனா உசேன் கானும் முகமது பக்ஸும் இல்லாமல் இந்தக் கதை இல்லை. அவர்களையும் நாம மறக்கக் கூடாது.

பரிசு வாங்கியதும் ராஸ் சும்மா இருக்கல. மாத்திரை மட்டும் போதாது, கொசு பிறக்கும் தண்ணீரை ஒழிக்கணும் என்று ஊர் ஊராகச் சொன்னார். தனக்குப் பிடித்த கணக்கை வைத்தே இன்னொன்றும் காட்டினார். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அடங்கிவிடும்!

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் நடந்ததைப் பார்த்தால் புரியும்:

1910 – பிரேசிலில் சிலருக்குக் கொயினா சரியாகக் கேட்கவில்லை என்று செய்தி.
1950-களின் கடைசி – குளோரோகுயின் என்ற அருமையான மருந்துக்குத் தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் ஒட்டுண்ணி மசியவில்லை.
1973 – நம்ம நாட்டில் அசாமிலும் அதே நிலை.
2008 வாக்கில் – சீன மூலிகையிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினின் மருந்து கம்போடியாவில் மெதுவாகத்தான் வேலை செய்தது. பிறகு ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டாவிலும் இது தெரிய வந்தது.

இது எப்படி நடக்குது? மருந்து நம்ம உடம்புக்குப் பழகிப் போச்சுன்னு சிலர் சொல்வாங்க. அது தப்பு! மாறுவது ஒட்டுண்ணி. நோயாளியின் ரத்தத்தில் கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் பெருகும்போது, ஏதோ ஒன்றின் மரபணுவில் தற்செயலாக ஒரு மாற்றம் வரும். குளோரோகுயினை எடுத்துக்கோங்க. அது ஒட்டுண்ணி சாப்பாடு செரிக்கிற பைக்குள் சேர்ந்து அதைக் கொல்லும். மாறிய ஒட்டுண்ணியோ மருந்தைப் பையிலிருந்து வெளியே தள்ளிவிடும். மற்றதெல்லாம் சாகும், இது மட்டும் பிழைக்கும்.

நம்ம ஊர் வயலில் அரைகுறையாகக் களை எடுத்தால் என்ன ஆகும்? கைக்கு வராத களைதான் நின்று விதை போடும். அடுத்த போகத்தில் வயல் முழுக்க அதுவே! குறைந்த அளவு மருந்து, பாதியில் நிறுத்திய மருந்து, தரமில்லாத மருந்து எல்லாம் அரைகுறைக் களையெடுப்புதான். பிழைத்த ஒட்டுண்ணியை அடுத்த ஆளுக்குச் சுமந்து போவது யார்? ராஸ் கண்டுபிடித்த அதே கொசு! இதனால்தான் இப்போ பால்சிபாரம் வகை மலேரியாவுக்கு ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றில் தப்பியது மற்றதில் மாட்டும்.

எங்க மாமா சென்னையில் கட்டட வேலை பார்ப்பவர். குளிர்காய்ச்சலோட ஊருக்கு வந்தார். ரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் மலேரியா. 14 நாள் மாத்திரை கொடுத்தாங்க. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுட்டார். ரெண்டு மாசத்தில் திரும்ப நடுக்கம்! இது மருந்துக்கு மசியாத ஒட்டுண்ணி இல்லை, கல்லீரலில் ஒளிந்திருந்த ஒட்டுண்ணி திரும்ப வந்தது என்று டாக்டர் விளக்கினார். ஆனா பாதியில் நிறுத்தும் பழக்கம் ஒண்ணுதானே? இந்தத் தடவை அம்மா தினமும் பக்கத்தில் நின்று மாத்திரையை எண்ணிக் கொடுத்தாங்க. பதினாலும் முடிந்தது.

ராஸ் 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் காலமானார். பக்கத்து நாடான இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. அங்கே மருந்தும் கொசு ஒழிப்பும் சேர்ந்தேதான் நடந்தது. நம்மாலும் முடியும்!

சென்னை மாதிரி நகரங்களில் மலேரியாக் கொசு கிணற்றிலும், மூடாத மாடித் தொட்டியிலும்தான் முட்டை போடுது. அதனால் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ரெண்டு வேலை செய்யுங்க. ஒண்ணு, மாடித் தொட்டிக்கு மூடி இருக்கான்னு பாருங்க. ரெண்டு, அலமாரியில் மிச்ச மாத்திரை இருந்தா யார் ஏன் நிறுத்தினாங்கன்னு கேளுங்க.

தொட்டியை மூடுவோம்! மாத்திரையை முடிப்போம்!

– 10-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு